புறவாசல் கோழிக்கு முட்டை குறைந்த கதை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தலைவி அக்கா சொன்னதும், போன தை மாசக் கூட்டத்தில் நடந்த பேச்சுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்கள் குழுவில் நாலு பேர் கோழி வாங்கக் கடன் கேட்டார்கள். உடனே ஒரு மூத்த அக்கா, "எங்க அம்மை காலத்துல கோழி முட்டையா இட்டுத் தள்ளும். கடவம் நிறையும். இப்ப உள்ள கோழி தின்னுட்டு நிக்குதே தவிர முட்டையக் காணோம். இதுக்குக் கடன் வேறயா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வயலில் அடிக்கிற மருந்து என்றார் ஒருவர். வெயில் கூடிப்போச்சு என்றார் இன்னொருவர். செல்போன் டவர்தான் காரணம் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். கடன் முடிவாகாமலே கூட்டம் கலைந்தது.

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் குழுவில் 5,000 ரூபாய் எடுத்து 12 கோழி வாங்கி விட்டேன். பங்குனியில் ஒரே வாரத்தில் 9 கோழி போய்விட்டது. மிச்சம் மூன்றும் முட்டை இடுவதை நிறுத்திவிட்டன. தவணையை என் வீட்டுக்காரரின் கூலியில் இருந்துதான் கட்டினேன். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா விட மனசில்லை. எங்கள் ஆச்சியிடம் கேட்டேன், தடுப்பூசி முகாமுக்கு வந்த டாக்டரிடம் கேட்டேன், பழைய சங்கதிகளையும் தேடிப் படித்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், அந்தக் காலக் கோழி நிஜமாகவே அதிகமாக இட்டதா?

ஆச்சி விரல்விட்டுக் கணக்குச் சொன்னாள். ஒரு பேட்டைக்கோழி ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். பிறகு அடைக்கு உட்காரும். அடை 21 நாள். குஞ்சு பொரித்தபின் இரண்டு மாசத்துக்கு மேல் குஞ்சைக் கூட்டிக்கொண்டு அலையும். அந்த நாளில் முட்டை கிடையாது. குஞ்சைக் கொத்தி விரட்டிவிட்டுத்தான் அடுத்த ஈடு. அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு மூன்று ஈடு, மிஞ்சினால் நாலு. ஆக 50, 60 முட்டை. டாக்டரும் நாட்டுக்கோழிக்கு வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் என்றார். அப்போ ஆச்சி காலத்துக் கோழி ஒன்றும் தினம் தினம் இடவில்லை. ஆனால் ஆச்சி வீட்டில் பத்துப் பேட்டைக்கோழி நின்றது. பத்துக் கோழிக்கு 600 முட்டை. இன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு கோழிக்கு மேல் வைத்திருக்கிற வீடு அபூர்வம். கடவம் நிறையாததற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்த மூத்த அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அதோடு விட்டுவிடவும் முடியாது. அந்த மூன்று கோழிக்கும் நான் நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். மறு வருஷம் ஒரு கோழிக்கு 35 முட்டைகூட வரவில்லை. ஆச்சி கோழி 60 இட்டது, என் கோழி 35. இந்த 25 முட்டை எங்கே போனது?

"கோழி எங்க மக்கா கொறச்சிச்சு? நாமல்லா அதுக்கு உள்ள தீனியக் கொறச்சோம்" என்றாள் ஆச்சி.

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள நம்ம நாஞ்சில் நாட்டு வயலைப் பார்க்க வேண்டும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த இந்தப் பூமி திருவிதாங்கூருக்கே நெல் கொடுத்த பூமி. பேச்சிப்பாறை அணையை 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய மிஞ்சின் துரையை நம்ம ஆட்கள் மூக்கன் துரை என்று சொல்வார்கள். குளத்தில் நீர் நின்றதால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் வீட்டைச் சுற்றி நெல்தான்.

நெல் என்றால் அரிசி மட்டும் இல்லை. கதிர் களத்துக்கு வரும், சூடடிப்பார்கள், பொலி தூற்றுவார்கள். சிந்திய மணியும் பதரும் கோழிக்கு. வீட்டில் நெல் அவித்துப் பாயில் காயப்போடுவோம், கம்பை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை காவல் இருக்கும், அது அசந்த நேரம் கோழி தின்றுவிடும். உரலில் குத்தினால் நொய்யும் தவிடும் வீட்டிலேயே கிடக்கும். தொழுவத்தில் மாடு, அதற்குப் பின்னால் எருக்குழி. எருக்குழியைக் கிளறினால் புழு. குஞ்சுக்கென்று கரையான் பிடிக்கிற வழியும் ஆச்சிக்குத் தெரியும். பழைய பானையில் சாணியும் வைக்கோலும் கந்தல் துணியும் போட்டு, தண்ணீர் தெளித்து, விளையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறி இருக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சு அடித்துப்பிடித்துத் தின்னும். எல்லாம் காசில்லாத தீனி.

இப்போது என்ன ஆச்சு? வயல் தென்னையாச்சு, வாழையாச்சு, பிறகு பிளாட்டும் ஆச்சு. மேற்கே ரப்பர். மிச்சம் இருக்கிற வயலிலும் மிஷின் இறங்கி அறுத்து அடித்து, நெல் அங்கிருந்தே லாரி ஏறிவிடுகிறது. வீட்டுக்குக் கதிர் வருவதில்லை. தவிடு மில்லோடு நின்றுவிடுகிறது, அதில் எண்ணெய் எடுக்கிறார்கள். மாடு போனது, எருக்குழி போனது. முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்து, சுற்றிலும் காம்பவுண்டு சுவர் கட்டிவிட்டோம். கோழி எதைக் கிளறும்?

பதிலுக்கு நாம் கொடுப்பது ரேஷன் அரிசி. நானும் அதைத்தான் போட்டேன், கோழி நன்றாகக் கொழுத்துக்கொண்டு நின்றது. டாக்டர் சிரித்தார். முட்டையிடுகிற கோழிக்குத் தீனியில் நூற்றுக்குப் 16 பங்காவது புரதம் வேண்டுமாம். அரிசியில் 7 பங்குதான். அரிசி மட்டும் தின்றால் கொழுப்புப் பிடிக்கும், முட்டை குறையும். ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஓடு மெலிந்து தோல்முட்டை வரும், பிறகு அதுவும் நின்றுபோகும். முன்னெல்லாம் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீட்டுக்கு அடித்தோம். சுவர் உதிர்ந்தால் கோழி கொத்தித் தின்றது. இப்போது பெயின்ட் சுவரில் அதுக்கு என்ன கிடைக்கும்!

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இரவில் பல்ப் போட்டால் முட்டை கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். பண்ணையில் பல்ப் போட்டுப் பகலை 16 மணி நேரமாக நீட்டுவது உண்மை. குளிர் நாட்டில் பனிக்காலத்துப் பகல் ரொம்பச் சுருங்கிவிடுவதால் கோழி முட்டையை நிறுத்திவிடுகிறதாம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கன்னியாகுமரியில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே பல்ப்புக்குச் செலவழிக்கிற காசில் தீனி வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி நான் படித்ததிலேயே என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்திய விஷயம். நாட்டுக்கோழி முட்டை போதவில்லையே என்ற கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஜில்லாவில் கேட்டிருக்கிறார்கள்! மார்த்தாண்டத்தில்.

1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியது. அந்த வேலைகளுக்குப் பின்னால் இருந்தவர் கே.டி. பால், சேலத்துத் தமிழர். மார்த்தாண்டத்தில் இருந்து நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். ஏழை வீட்டில் பெரிய முதல் இல்லாமல் என்ன தொழில் செய்யலாம் என்று பார்த்துத் தேனீ, கோழி, கைத்தொழில் என்று ஆரம்பித்தார்கள். கோழிக்கு அவர்கள் செய்தது, வெள்ளை லெகான் சேவலைக் கொண்டுவந்து நம்ம பேட்டைக்கோழியோடு இணை சேர்த்தது. லெகான் என்பது இத்தாலியில் உள்ள லிவோர்னோ துறைமுகத்தின் பெயரை வெள்ளைக்காரர்கள் சொன்ன விதம். அந்த ஜாதி அடைக்கு உட்காராது. அடை கிடையாது, குஞ்சு மேய்ப்பது கிடையாது, அதனால் அந்த நாளெல்லாம் முட்டை இடும். கலப்பில் பிறந்த கோழிக்கும் முட்டை பெரிசு, எண்ணிக்கையும் கூடுதல். அதைவிட முக்கியம், முட்டையை வீடுவீடாகச் சேர்த்து ஒன்றாக வெளியூருக்கு விற்க ஒரு கூட்டுறவு ஏற்பாடும் வைத்திருந்தார்கள். தனியாகப் போய் ஐந்து முட்டை விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. சேர்ந்து விற்றால் நாமும் விலை பேசலாம். நம்ம கூட்டமைப்பு இன்றைக்குப் பேசுகிற பேச்சு இது.

மார்த்தாண்டம் தேன் இன்றைக்கும் பெயர்பெற்று நிற்கிறது. மார்த்தாண்டம் முட்டை என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா? இல்லை. தேனீக்கு மேற்கே ரப்பர் தோட்டம் வந்தது, தேன் பெருகியது. கோழிக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, வந்தது நோய்தான் என்று நான் நினைக்கிறேன்.

1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் நம் நாட்டில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் ஊரில் அதே நோயைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பெயரே நோய்க்குப் பெயராச்சு. நாம் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். கழுத்து திருகிக்கொள்ளும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், இரண்டு மூன்று நாளில் தலை சாய்ந்துவிடும். பிழைத்துக்கொள்கிற கோழியும் முட்டையைக் குறைத்துவிடும் அல்லது ரொம்ப நாளைக்கு நிறுத்திவிடும். என் மூன்று கோழிக்கும் தீனி மட்டும் காரணம் இல்லை, இதுவும்தான். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. ஓட்டைச் சட்டியில் மஞ்சள் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த நோய்க்கு 1940-களிலேயே முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கு ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. நம்மில் எத்தனை பேர் கோழியைப் பிடித்துக்கொண்டு போகிறோம்? ஆட்டுக்கு ஊசி போடப் போகிறவர்கள்கூட, "கோழிக்கு எதுக்கு ஊசி" என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் கூட்டைத் திறந்துவிட்ட பிறகு அதைப் பிடிக்கவும் முடியாது. முகாம் என்றால் முந்தின ராத்திரியே பஞ்சாரத்தில் போட்டு அடைத்துவிட வேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனதும் ஊசி. இவ்வளவுதான் வேலை.

அடுத்த மாற்றம் நாமக்கல்லில் நடந்தது. 1970, 80-களில் அங்கே கூண்டுப் பண்ணைகள் பெருகின. முட்டைக்குத் தினமும் விலை சொல்லும் ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் வந்தது. அதே வருஷம் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது, பிறகு எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், நானும் பள்ளிக்கூடத்தில் தின்றவள். அந்தக் கூண்டுக்கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகிறது என்பதால் இதற்கு மேல் பெரிதாகக் கூட்டவும் முடியாது. நம்ம கோழியை அதோடு வைத்துப் பார்க்க ஆரம்பித்ததில் இருந்துதான் "நாட்டுக்கோழி முட்டை இடாது" என்ற பேச்சே வந்தது என்பது என் எண்ணம். அதுக்கு முன்னால் ஆச்சி அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை.

ஆச்சிக்கு முட்டை விற்கிற சாமான்கூட இல்லை. கடவத்தில் உமி பரப்பி, நடுவில் ஒரு கரித்துண்டும் ஒரு வத்தலும் ஒரு ஆணியும் போட்டு வைப்பாள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம், அதற்குக் காவல். நம்புகிறவர்கள் நம்பட்டும். அந்த முட்டையில் முக்கால்வாசி அடைக்கு. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொஞ்சம், பிள்ளைக்குக் கொஞ்சம். மீதியைத்தான் வடசேரி சந்தைக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். அவளுடைய வருமானம் முட்டை இல்லை, குஞ்சு வளர்ந்த சேவல். ஆடிக் கொடைக்கும் தீபாவளிக்கும் சேவல் விற்ற காசு அவள் சிறுவாடு. தாத்தா அதில் கை வைக்கமாட்டார்.

கோழி இல்லாதவளுக்கு வாரக்கோழி உண்டு. ஒருத்தி பேட்டைக்கோழியைக் கொடுப்பாள், இன்னொருத்தி வளர்ப்பாள். பொரித்து வளர்ந்த குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி இவளுக்கு. கோழி செத்துப்போனால் இரண்டு பேருக்கும் நஷ்டம், யாரும் யாரிடமும் தவணை கேட்பதில்லை. சுய உதவிக் குழு 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்தது, மகளிர் திட்டம் 1997-ல் மாநிலம் முழுக்க வந்தது என்று பயிற்சியில் நமக்குச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாரக்கோழிதான் ஞாபகம் வரும். எங்கள் ஆச்சி அவளுடைய முதல் கோழியையே பக்கத்து வீட்டில் வாரத்துக்கு வாங்கினவள்தான்.

இப்போது கடன் கேட்கிற நாலு பேருக்காக ஒரு கணக்கு. பத்து நாட்டுக்கோழி ஒரு நாளைக்கு ஒரு கிலோ தின்னும். முழுத் தீவனமும் கடையில் வாங்கினால் 40 ரூபாய். வருஷத்துக்கு 700 முட்டை என்று தாராளமாக வைத்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு முட்டைதான். முட்டை 12 ரூபாய் என்றால் 24 ரூபாய். நாள்தோறும் 16 ரூபாய் நஷ்டம்! முட்டைக்காக நாட்டுக்கோழியைக் கடையில் தீவனம் வாங்கி வளர்க்கவே முடியாது. முட்டைதான் வேண்டும் என்றால் கிராமப்பிரியா மாதிரி ஜாதி இருக்கிறது. அது 200-க்கு மேல் இடும், ஆனால் அடை உட்காருவது அபூர்வம். ஒவ்வொரு தடவையும் குஞ்சு வாங்க வேண்டும், நல்ல தீவனமும் கொடுக்க வேண்டும். நாட்டுக்கோழி என்றால் வருமானம் குஞ்சிலும் சேவலிலும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நான் 5,000 ரூபாயைத் தொலைத்தேன்.

இப்போது என்னிடம் 5 பேட்டைக்கோழி, ஒரு சேவல். கடன் எடுக்கவில்லை, மதினி வீட்டில் இரண்டு கோழி வாரத்துக்கு வாங்கி ஆரம்பித்தது. காம்பவுண்டுக்குள் ஒரு மூலையில் நாலு வரி இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து எடுத்தேன். வீட்டில் சண்டைதான் நடந்தது, இருந்தாலும் எடுத்தேன். அங்கே வாழைச்சருகும் சாணியும் போட்டு ஒரு சின்ன எருக்குழி. ரேஷன் அரிசியைக் குறைத்துவிட்டேன். தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மீன்காரி கொடுக்கிற மீன்தலையை அவித்து, முருங்கைக்கீரை, இடித்த சிப்பி ஓடு. இடித்த முட்டை ஓடும் போடலாம், ஆனால் முழுசாகப் போட்டால் முட்டையைக் கொத்தப் பழகிவிடும். இரண்டு தடவை பிப்ரவரி முகாமுக்குக் கொண்டுபோனேன். மூன்று மாசத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து. கூட்டில் செள்ளு பிடித்தால் அடைக்கோழி பாதியிலேயே எழுந்துவிடும் என்பதால் சாம்பல் தூவி வைக்கிறேன்.

போன சித்திரை முதல் இந்தப் பங்குனி வரை நோட்டில் உள்ள கணக்கு இது. 5 கோழிக்கு 281 முட்டை. அடைக்கு வைத்தது 130, பொரித்தது 104, பருந்தும் கீரியும் கொண்டுபோனது போகப் பிழைத்தது 61. கீரிக்கு இன்னும் வழி தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நாலு பேர் கடனை மறுபடி எடுக்கிறார்கள். நோட்டைக் கொண்டுவருகிறேன், எல்லோரும் பார்க்கலாம்.